புளியரையிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள், சொல்லி வைத்தாற்போல, விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றியே கேட்கின்றன. கோடை விடுமுறை நெருங்கும்போது தமிழக–கேரள எல்லையோர ஊர்களில் பெட்டி கட்டாத வீடு குறைவு என்பதால் இதில் வியப்பில்லை. பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஆறு பேருக்கே கொடுத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

என் மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். அவளுடைய பேறுகாலத்துக்கு உதவியாக நானும் என் கணவரும் மே மாதம் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாகச் செல்கிறோம். காலை 4.30 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் பிற்பகல் 2.30 மணிக்குச் சேர்வதாகப் பயணச்சீட்டில் உள்ளது. அப்படியானால் பத்து மணி நேரப் பயணம்தானே? மருமகனோ இருபது மணி நேரம் என்கிறார். திரும்பும்போது இரவு 11 மணிக்கு ஏறி, மூன்றாம் நாள் அதிகாலை 3.30 மணிக்கு இறங்குகிறோம். தூரத்தைக் கேட்டால் ஒருவர் 13,780 என்கிறார், இன்னொருவர் 8,560 என்கிறார், விமானத் துறையில் இருக்கும் உறவினர் 7,440 என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, புளியரை

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் சண்டையே இல்லை: மூவர் சொல்வதும் ஒரே தூரம்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் உருண்டை மேற்பரப்பை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 13,780 கிலோமீட்டர் வரும். அதை அமெரிக்கர்கள் பேசும் மைலில் சொன்னால் 8,560; விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 7,440. சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர் நீளமுடையது, கடல் மைல் 1.852 கிலோமீட்டர் நீளமுடையது. நம் பாட்டனார் காலத்தில் பக்காப் படியும் பட்டணம் படியும் அருகருகே புழங்கியதைப் போல, மைல் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் இன்றும் புழங்குகின்றன. எனவே யாராவது மைல் என்று சொன்னால், எந்த மைல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை தங்கள் மருமகன் சொல்வதே சரி. பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். 4.30 என்பது திருவனந்தபுரத்து நேரம், 2.30 என்பது நியூயார்க் நேரம். மே மாதத்தில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நீங்கள் அங்கே இறங்கும்போது புளியரையில் நள்ளிரவு 12 மணியாகியிருக்கும். காலை 4.30 முதல் நள்ளிரவு 12 வரை எண்ணினால் பத்தொன்பதரை மணி நேரம். இதையே துண்டு துண்டாகவும் சரிபார்க்கலாம்: துபாய் வரை நான்கு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து நியூயார்க் வரை பதினான்கு மணி நேரம்.

திரும்பும் கணக்கு இதற்கு நேர்மாறானது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இருபத்தெட்டரை மணி நேரம் பயணம் செய்வதுபோல் தெரியும். அதில் ஒன்பதரையைக் கழித்தால் பத்தொன்பது மணி நேரம் மிஞ்சும். கடிகார வேறுபாடு எத்தனை மணி என்று நினைவில்லாதவர்களுக்கு ஒரு சிறிய உபாயம் சொல்கிறேன். போகும்போது சீட்டு காட்டும் பத்தையும் வரும்போது காட்டும் இருபத்தெட்டரையையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், பத்தொன்பதேகால் வரும். ஒரு பக்கம் குறைத்துக் காட்டிய நேரத்தை மறுபக்கம் கூட்டிக் காட்டுவதால் வேறுபாடு தானாகவே அடிபட்டுப்போய், ஒரு வழிப் பயணத்தின் சராசரி நேரம் கைக்குக் கிடைக்கிறது.

இந்த ஒன்பதரை ஆண்டு முழுவதும் ஒன்பதரையாக இருப்பதில்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று மறுபடி பின்னே இழுப்பார்கள். ஆகவே குளிர்காலத்தில் வேறுபாடு பத்தரை மணி நேரமாகிவிடும். லண்டனிலும் இதே பழக்கம் உண்டு. ஆனால் அங்கே மாற்றும் நாள்கள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகள். துபாயில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எப்போதும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்தான்.

தாங்கள் கேட்காத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, துபாயில் ஒன்றரை மணி நேரம் என்பது வயதானவர்களுக்கு மிகவும் நெருக்கமான இடைவெளி. இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் பதிவாகியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. முகவரிடம் இதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, புளியரை வாசலில் தொடங்கும் பயணத்தைச் சீட்டு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலையிறங்கி விமான நிலையம் சேரச் சுமார் நூறு கிலோமீட்டர். இரவில், எதிரே சரக்கு லாரிகள் வளைவுக்கு வளைவு வழிமறிக்க, மூன்று மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்றால் முந்தைய இரவு 10 மணிக்காவது வீட்டைப் பூட்டியாக வேண்டும். நியூயார்க்கில் குடியேற்றச் சோதனை வரிசைக்கும் பெட்டி எடுப்பதற்கும் இரண்டு மணி நேரம் சேர்த்தால், வாசலிலிருந்து வாசல் வரை ஏறத்தாழ 28 மணி நேரம். தாங்கள் நூறு கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்கும் மூன்று மணி நேரத்தில் விமானம் அரபிக்கடலையே ஏறக்குறையத் தாண்டிவிடும்.

அமெரிக்கா நமக்கு மேற்கே இருக்கிறது. எங்கள் பள்ளியில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோலை வைத்தால் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் என்று கோடு போகிறது. ஆனால் அமெரிக்கா சென்ற என் மாமா, விமானத் திரையில் ஐரோப்பாவும் கிரீன்லாந்தும் தெரிந்தன என்கிறார். விமானம் ஏன் வடக்கே சுற்றிப் போகிறது? துபாய் வழியாகப் போவதால் எவ்வளவு தூரம் வீணாகிறது?
— மாணவர், ஆரியங்காவு

தம்பி, சுற்றிப் போவது விமானம் அன்று. சுவரில் தொங்கும் படத்தில் நீ வரைந்த கோடுதான் சுற்றுகிறது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெரிதாகிவிடுவதால், படத்தில் நேராகத் தெரியும் கோடு தரையில் நேர்வழியாக இருப்பதில்லை. இதை நம்புவதைவிடச் செய்து பார்ப்பது எளிது என்பதால், கடிதம் வந்த அன்று மாலையே சந்தையில் ஒரு பம்பளிமாஸ் பழம் வாங்கி வந்தேன். நூலால் சுற்றளவு பார்த்தபோது கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் இருந்தது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால், பழத்தில் ஒரு சென்டிமீட்டர் 800 கிலோமீட்டருக்குச் சமம்.

காம்பை வடதுருவமாக வைத்துக்கொண்டு, பழத்தின் நடுவே இடுப்புக் கயிறு போல ஒரு நிலநடுக்கோட்டை வரைந்தேன். திருவனந்தபுரம் அந்தக் கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. பழத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். நியூயார்க் நாற்பதரைப் பாகைக்குச் சற்று மேலே, அதாவது ஐந்தரை சென்டிமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய பழத்தின் மறுபக்கத்தில் வருகிறது. இரண்டு இடத்திலும் குண்டூசி குத்தி நூலை இழுத்துக் கட்டினால், நூல் இடுப்பை ஒட்டிப் போகாமல் வழுக்கி மேலேறி, காம்பிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிய இடம்வரை சென்று மறுபுறம் இறங்குகிறது. நூலின் நீளம் பதினேழேகால் சென்டிமீட்டர். 800-ஆல் பெருக்கிப் பார், புளியரை அம்மாவுக்குச் சொன்ன 13,780 கிலோமீட்டர் வந்துவிடும். நீ சுவர்ப்படத்தில் வரைந்த கோட்டைப் பழத்தில் புள்ளி புள்ளியாக இட்டு அளந்தால் பத்தொன்பது சென்டிமீட்டருக்கும் மேலே போகிறது. அந்த இரண்டு சென்டிமீட்டர் என்பது 1,600 கிலோமீட்டர். இப்படி இழுத்துக் கட்டிய நூல் செல்லும் வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். இந்தப் பாதையில் புறப்படும் விமானம் மேற்கு நோக்கித் திரும்பாமல், வடக்கிலிருந்து சற்றே மேற்காகச் சாய்ந்து நம் மேற்குக் கரையை ஒட்டியே ஏறி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, நார்வேக்கு அப்பால் 64-ஆம் பாகைவரை உயர்ந்துதான் அமெரிக்காவை நோக்கி இறங்க வேண்டும்.

துபாயில் இறங்கிச் செல்வதால் வீணாவது எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். அந்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 2,950 கிலோமீட்டர், துபாயிலிருந்து நியூயார்க் 11,000 கிலோமீட்டர், மொத்தம் 13,950. நேர்வழியைவிட 170 கிலோமீட்டர்தான் கூடுதல். விமானத்துக்கு அது பன்னிரண்டு நிமிட வேலை. தோஹா வழியாகப் போனாலும் கூடுவது 250 கிலோமீட்டர் அளவே, லண்டன் வழியாகப் போனாலும் அதற்கும் குறைவே. சிங்கப்பூர் வழியாகப் போனால் மட்டும் 4,600 கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும். வளைகுடா நகரங்கள் வழிநடுவே அமைந்துவிட்டதுதான் அவற்றின் பாக்கியம். அங்கே நாம் இழப்பது தூரத்தை அன்று; இறங்கவும் காத்திருக்கவும் மறுபடி ஏறவும் ஆகும் நேரத்தைத்தான்.

ஆனால் நூல் காட்டும் வழியில் விமானம் அப்படியே பறந்துவிடுவதும் இல்லை. உன் ஊர் வழியாகச் செல்லும் ரயிலையே எடுத்துக்கொள். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காக்கை பறந்தால் 35 கிலோமீட்டர். 1904-இல் மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதையோ 49 கிலோமீட்டர். வானத்திலும் இப்படி மலைகள் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மேலை நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வளைந்து பறந்து, எரிபொருள் போதாமல் வியன்னாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் ஈரான்–இஸ்ரேல் சண்டையின்போது வளைகுடாவுக்கு மேற்கே பல நாடுகளின் வான்வழி ஒரே நேரத்தில் அடைபட்டது. ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாதது, விமானம் பறக்கும் தூரம் நாளுக்கு நாள் மாறக்கூடியது என்று குறித்துக்கொள்.

பதினைந்து வருடமாகத் துபாயில் வேலை செய்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து போகும்போது நான்கு மணி நேரத்துக்கு மேலும், ஊருக்கு வரும்போது அதைவிடக் குறைவாகவும் ஆகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதுதான் காரணம் என்று அறையில் உள்ள நண்பர் சொல்கிறார். அப்படியானால் விமானம் போகும்போதுதானே துபாய் நம்மை நோக்கி வர வேண்டும்?
— வாசகர், மார்த்தாண்டம்

தங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. நண்பர் சொல்லும் காரணத்தை அதுவே கவிழ்த்துவிடுகிறது. நிலநடுக்கோட்டருகே பூமி மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்பது உண்மை. ஆனால் தரையோடு சேர்ந்து காற்றும், காற்றில் மிதக்கும் விமானமும் அதே வேகத்தோடு சுழன்றுகொண்டிருக்கின்றன. கொல்லம் ரயில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து ஓடும்போது சாயா விற்பவர் கோப்பையை ஒரு கையில் பிடித்து மறுகையால் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்; ரயில் ஓடுகிறது என்பதற்காகச் சாயா பின் இருக்கைக்காரர் மடியில் விழுவதில்லை.

உண்மையான காரணம் காற்று. தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, குறுகலான ஆறு போல வேகமான காற்று ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பது அதன் பெயர். குளிர்காலத்தில் அது தெற்கே இறங்கி வலுத்து, சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். தங்கள் வழியில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்குள் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், தரையைப் பொறுத்தமட்டில் போகும்போது 840 கிலோமீட்டரும் வரும்போது 960 கிலோமீட்டரும் நகர்கிறது. 2,950 கிலோமீட்டரை இவற்றால் வகுத்தால் முதலாவதற்கு மூன்றரை மணி நேரம், இரண்டாவதற்கு மூன்று மணி நாலு நிமிடம். வித்தியாசம் ஏறக்குறைய அரை மணி நேரம். தங்கள் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

தூரம் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். துபாயிலிருந்து நியூயார்க் போகப் பதினான்கு மணி நேரம், திரும்பிவரப் பன்னிரண்டரை. 2020 பிப்ரவரியில் ஒரு புயற்காற்றின் முதுகில் ஏறி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக இதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைவிடச் சுவையானது ஏர் இந்தியா 2016 அக்டோபரில் செய்த மாற்றம். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. ஆனால் வழியெல்லாம் பின்காற்று கிடைத்ததால் பயணம் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது, முன்னைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்.

தாங்கள் பயணச்சீட்டிலுள்ள நேரத்தைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் உள்ளது பறக்கும் நேரம் மட்டும் அன்று. இங்கே சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்த நொடியிலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கும் நொடிவரை உள்ள நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பதும், இறங்க இடம் கிடைக்காமல் வானில் வட்டமடிப்பதும் அதில் அடங்கும். அதனால்தான் எந்த இரண்டு ஊர்களுக்கும், தூரத்தை 850-ஆல் வகுத்து வரும் விடையோடு அரை மணி நேரத்தைச் சேர்த்தால் சீட்டு நேரத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடலாம். மேற்கே போகும் நீண்ட பயணமென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் உள்ள மகனிடம் செல்ல இருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்தும் விமானம் உண்டு, கொச்சியிலிருந்தும் உண்டு. கொச்சி கடலோரத்தில் இருப்பதால் அங்கிருந்து போனால் தூரம் குறைவு, சீக்கிரம் போய்விடலாம் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

கொச்சியிலிருந்து ஷார்ஜா 2,775 கிலோமீட்டர், கோயம்புத்தூரிலிருந்து 2,765. கடலுக்கு அருகே இருப்பது கொச்சிதான் என்றாலும் ஷார்ஜா நமக்கு வடமேற்கே இருப்பதால், சற்று வடக்கே உள்ள கோயம்புத்தூருக்குப் பத்துக் கிலோமீட்டர் குறைகிறது. விமானத்துக்கு அது நாற்பது வினாடி. ஆகவே வானத்துத் தூரத்தை மறந்துவிட்டு ரோட்டைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கொச்சி விமான நிலையமுள்ள நெடும்பாசேரி நூறைத் தாண்டும். குதிரான் சுரங்கப்பாதை 2021-இல் திறந்த பிறகு அந்தப் பயணம் முன்பு போல் முதுகை ஒடிப்பதில்லை என்றாலும் தூரம் தூரம்தான். கொச்சிக்கு உள்ள ஒரே மேன்மை, வளைகுடா விமானங்கள் அங்கே அதிகம்; விரும்பிய நாள் விரும்பிய நேரம் கிடைக்கும், கட்டணமும் சில வேளை குறையும். அந்தக் குறைவு இரண்டு வழி வாடகைக் காருக்குச் சரியாகப் போய்விடுகிறதா என்று மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள்.

எங்கும் இறங்காமல் செல்லும் மிக நீண்ட விமானப் பயணம் எது? நம் ஊருக்கு உலகத்திலேயே மிகத் தொலைவான இடம் எது?
— வாசகர், களியக்காவிளை

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணத்தைத்தான் எல்லோரும் குறிப்பிடுவார்கள். 2020 நவம்பரில் தொடங்கியது. 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதல். நம் பக்கத்து ஊரான பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரையிலான வழியும் லேசுப்பட்டதன்று; 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே அடங்கிய குழு ஒன்று, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தூரத்தை வடதுருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூருவில் இறங்கியது.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கவே முடியாது, ஏனெனில் அது சுற்றளவில் பாதி. களியக்காவிளைக்கு நேர் மறுபக்கத்தைத் தேடினால் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலின் நடுவே, தண்ணீரில்தான் விரல் படும். அந்தப் பக்கத்தில் விமான நிலையமுள்ள பெரிய ஊர்களில் ஒன்றாகப் பெருவின் தலைநகர் லிமாவைச் சொல்லலாம். திருவனந்தபுரத்திலிருந்து 17,150 கிலோமீட்டர்.

பயணச்சீட்டில் 15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் நாங்கள் எந்த இரவு புறப்பட வேண்டும்?
— வாசகர், தென்மலை

14-ஆம் தேதி இரவு. 00.40 என்பது 15-ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடம் ஆன நேரம். நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள், கடிகாரத்துக்கோ நள்ளிரவிலேயே மறுநாள். நம்மூர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவையொட்டியே கிளம்புவதால் இந்தக் கேள்வியை யாரும் சிறிதாக நினைக்க வேண்டாம். அதற்கு நானே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் முதன்முறையாக வளைகுடாவுக்குப் புறப்பட்டான். சீட்டைப் படித்துத் தேதி சொல்லும் வேலையை, வீட்டில் படித்தவன் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் 00.40 என்ற நேரமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கேற்றி, குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்து, நேந்திரங்காய் வறுவலும் எலுமிச்சை ஊறுகாயும் அடைத்த அட்டைப்பெட்டியைக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, ஒன்பது பேர் ஒரு வேனில் ஏறிப் போனோம். விமான நிலைய வாசலில் சீட்டை வாங்கிப் பார்த்த காவலர், மலையாளத்தில் மிகவும் மரியாதையாக, இந்த விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டது என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி பத்தேகால். இருபத்தோரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக, அதே சமயம் இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற நிறைவோடு நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவனே.

புதிய சீட்டுக்குப் பதினோராயிரம் ரூபாய் ஆயிற்று. அதை நான் கொடுத்தேன். அவன் நான்கு நாள் கழித்துப் போனான். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தச் சீட்டு வந்தாலும் அதன் மேல் பேனாவால் புறப்படும் கிழமையையும் ‘சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய இரவு’ என்பதையும் எழுதி வைப்பது என் தங்கையின் வேலை. என்னிடம் யாரும் காட்டுவதில்லை.